யார் காதிலும் விழாத பாட்டு

அத்தியாயம் 14

மலையில் ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்டப் போன மார்ட்டின், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையில் அல்வாப் பொட்டலத்தோடு வீடு திரும்பியதைப் போன வாரம் பார்த்தோம். "உம்புள்ள இன்னிக்கி மலையையே ஆட வெச்சிட்டாம்மா" என்று அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டான். அம்மா பவுலின் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அக்கா ஏஞ்சலின் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுடைய மாணவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை. என்ன போட்டு ஆட வைத்தாய் என்று அவள் தம்பியைக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அதற்குப் பதில் கிடைத்தது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்தப் பல்கலைக்கழக வளாகம். அங்கே ஏஞ்சலின் கான்ட்ராக்ட் விரிவுரையாளர். 'எலக்ட்ரானிக் இசையும் ஒளி-ஒலி நிரலாக்கமும்' என்பது அவள் நடத்தும் பாடம். பிள்ளைகள் வைத்த பெயர் கோடு கிளாஸ். கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளைப் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்தால் சத்தம் பிறக்கும். வேறு பெட்டிக்குக் கோட்டை மாற்றினால் அதே சத்தம் வெளிச்சமாகும்.

இந்தப் பாடத்தைக் கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. "கரும்பு வெட்டுற ஊருக்கு இது எதுக்கும்மா?" என்று துறைத்தலைவர் தெய்வசிகாமணி வருஷக்கணக்கில் சிரித்தார். பிறகு, வேறு எந்தக் கல்லூரியிலும் இல்லாத பாடம் என்று விளம்பரத்தில் போடலாம் எனத் தெரிந்ததும் சம்மதித்தார்.

காலைப் பரீட்சையில் இளவரசன் முதலில் செய்து காட்டினான். உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் பிடித்த லாரி ஹாரன்களை வைத்து ஒரு இசை. ஒவ்வொரு ஹாரனுக்கும் திரையில் ஒரு நிறம் வெடித்தது. சென்னையிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர் காதைப் பொத்திக்கொண்டு ரசித்தார்.

"அடுத்து தனுஷா" என்றார் தெய்வசிகாமணி.

யாரும் எழுந்திருக்கவில்லை.

இளவரசன் வாசலில் நின்று ஏஞ்சலினை ஜாடை காட்டிக் கூப்பிட்டான். வெளியே போனதும் போனை நீட்டினான். "மேம், தனுஷா வர மாட்டா. அவ பெரியப்பா மவ கல்யாணத்து வீடியோ இது. பாருங்க, புரியும்."

சீரியல் பல்பு கட்டிய பந்தல். இளைஞர்கள் கையைத் தூக்கி ஆடுகிறார்கள். டமடமவென்று அடி. அந்த அடிக்கு மேலே ஒரு பெண்ணின் குரல். வெட்டி, திருப்பி, மறுபடி வெட்டி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார்கள். வீடியோவின் கீழே 'சிங்கராயர் சவுண்ட் சர்வீஸ்' என்று மின்னியது.

ஏஞ்சலினுக்கு அந்தக் குரல் தெரியும். தனுஷாவின் அம்மா தைலம்மாளின் குரல். அந்த சவுண்ட் சர்வீஸும் தெரியும். செத்துப்போன தன் அப்பாவின் பெயரில் மார்ட்டின் நடத்துவது.

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது.

தனுஷாவின் அப்பா போன தை மாதம் இறந்தார். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிய லாரி மலை வளைவில் கவிழ்ந்தது. கருமாதி வரைக்கும் தைலம்மாள் தினமும் விடிகாலையில் புருஷனைப் பாடினாள். அவர் உழுத கொல்லை, ஓட்டின மாடு, நடந்த தடம் எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாடினாள். கருமாதி முடிந்தால் அந்தப் பாட்டை யாரும் பாடக் கூடாது, கேட்கவும் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம்.

"சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாம, வெளிச்சத்துக்கு மட்டும் போவுமா மேம்?" என்று கருமாதிக்கு முன்னால் வகுப்பில் ஒருநாள் தனுஷா கேட்டாள்.

போகும் என்றாள் ஏஞ்சலின். இருவரும் சேர்ந்து மலைக்குப் போய்த் தைலம்மாளிடம் கேட்டார்கள். கருமாதிக்கு முந்தின விடிகாலையில் பாட்டைப் பதிவு செய்தார்கள். குரல் யார் காதிலும் விழாது, அது அசைக்கும் வெளிச்சத்தை மட்டும்தான் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று வாக்குக் கொடுத்தது ஏஞ்சலின்தான். பைபிள் மேல் கை வைத்துக் கொடுத்த வாக்கு இல்லை. ஆனாலும் வாக்கு வாக்குதானே?

அந்தப் பதிவு அவள் லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப் வீட்டில் இருந்தது. வீட்டில் மார்ட்டின் இருந்தான்.

அவள் தெய்வசிகாமணியைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"உங்க வூட்டுச் சண்டைய டிபார்ட்மென்டுக்குள்ள இழுத்துக்கினு வராதீங்க. அந்தப் பொண்ணுக்கு ஆப்சென்ட் போட்டுடலாம்."

"ஆப்சென்ட் போட்டா அவளுக்கு டிகிரி போயிடும் சார்."

"வெளிய தெரிஞ்சா கோர்ஸே போயிடும். ஸ்டூடண்ட் வேலைய டீச்சரோட தம்பி திருடினான்னு பேப்பர்ல வரும். உங்க ரினியூவல் ஃபைல் என் டேபிள் மேலதான் கெடக்குது. ஞாபகம் வெச்சிக்கோங்க."

"எக்ஸ்டர்னல் எத்தினி மணிக்குக் கெளம்புறாரு?"

"சாயங்காலம். ஏன்?"

"அதுக்குள்ள அவ வருவா."

"ஏஞ்சலின், நான் சொல்லிக்கினே இருக்கேன்…"

அவள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள்.

*

கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் கடையில் மார்ட்டின் தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் வயிற்றைத் திறந்துவைத்திருந்தான்.

"இன்னாக்கா, இந்நேரத்துல? காலேஜ் லீவா?"

"என் லேப்டாப்ப தொட்டியா?"

"தொட்டேன். நீதான் தொறந்து போட்டுட்டுப் போறியே."

"அதுலேந்து எத எடுத்த?"

"எதையும் எடுக்கல. காப்பிதான் பண்ணேன்."

ஏஞ்சலின் கையில் கிடைத்த ஒயர்ச் சுருளைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். அது அவன் தோளில் பட்டு விழுந்தது.

"ஏய்! பைத்தியமா உனுக்கு?"

"அது இன்னா பாட்டுன்னு தெரியுமாடா?"

"மலைப் பாட்டு. அவங்க ஊரு பாட்டு, அவங்க கல்யாணத்துல போட்டா சந்தோசப்படுவாங்கன்னு போட்டேன். இதுல இன்னா தப்பு? எல்லாம் செம ஆட்டம் ஆடினானுங்க."

"ஆடினவனுங்க யாரு? மாப்ள கூட கீழேந்து போன பசங்க. மலைக்காரங்க ஆடினாங்களா? நெனச்சிப் பாரு."

மார்ட்டின் யோசித்தான். "பெருசுங்க எழுந்து போனாங்க. சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு நெனச்சிக் கம்மி பண்ணேன்."

"கம்மி பண்ணானாம்! அது சாவுப் பாட்டுடா. செத்தது அந்தக் கல்யாணப் பொண்ணோட சொந்த சித்தப்பன்."

அடுத்த நிமிஷம் அவனுக்குக் கோபம்தான் வந்தது. தப்பு செய்து மாட்டிக்கொண்டால் அவனுக்குக் கோபம்தான் வரும்.

"வரிய எங்க கேட்டேன்? அடிக்கு உக்காந்துச்சு, போட்டேன். அழுவுற மாரியே இல்லியே அது! நடவுப் பாட்டுன்னு நெனச்சேன். ஃபைலுக்குப் பேர ஒழுங்கா எழுதி வெக்கறதுதானே? 'டி அம்மா ஒண்ணு'ன்னு வெச்சா எவனுக்குத் தெரியும்?"

"அடுத்தவங்க பொட்டிய தொறந்துட்டு, பூட்டு இல்லன்னு பேசறியா?"

"ரோடு வரிக்கும் கேக்குது" என்று ஒரு குரல் வந்தது. பவுலின் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்றாள். "மைக்க போட்டுக்கினா சண்டை போடறீங்க?"

ஏஞ்சலின் நடந்ததைச் சொன்னாள். பவுலின் கேட்டுக்கொண்டே மகனுக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

"தெரியாம பண்ணிட்டான். வுடேன்டி. நாளைக்கி மாதா கோயில் கொடியேத்தம், அவன்தான் செட்டு கட்டணும். இப்பப் போயி ஊரெல்லாம் தமுக்கு அடிச்சா யாரு இவனக் கூப்புடுவாங்க? உங்கப்பா பேரு இன்னா ஆவுறது?"

"அப்பா பேரா?" ஏஞ்சலின் தாயின் பக்கம் திரும்பினாள். "சரிம்மா, அப்பாவையே பேசுவோம். அப்பா பொட்டிய மூடறப்ப நீ பாடினியே. 'சட்ட மடிப்பு கலையாம எங்க போற ராசா'ன்னு மாரடிச்சிக்கினு பாடினியே. அத ஒருத்தன் புடிச்சிக்கினு போயி, வெட்டி ஒட்டி, கீழ டம்மு டம்முன்னு அடி போட்டு, உந் நாத்தனார் மவ கல்யாணத்துல வுட்டா? பசங்க விசில் அடிச்சிக்கினு ஆடினா? 'சட்ட மடிப்பு, சட்ட மடிப்பு'ன்னு ஓட வுட்டா? தெரியாம பண்ணிட்டான் வுடேன்டின்னு சொல்லுவியா?"

"அக்கா, வாய மூடு" என்றான் மார்ட்டின்.

"நீ மூடு."

பவுலின் குழம்புக் கரண்டியைக் கேரியரிலேயே விட்டாள்.

"அந்த வீடியோவக் காட்டு."

மார்ட்டின் போனைக் கொடுத்தான். அவள் அதைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். படத்தைப் பார்க்கவே இல்லை. அந்த டமடமவுக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி ஒருமுறை கேட்டாள்.

"புருசன் பேரச் சொல்லிக் கூப்புடறாடா அவ" என்றாள். "பேரச் சொல்லி. உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் கூப்புட்டிருக்க மாட்டா. உனுக்குக் காது எங்கடா போச்சி?"

"எம்மா…"

"இத அழிச்சிட்டு வண்டிய எடு."

"நாளைக்கி கொடியேத்தம்மா. இன்னிக்கே பொட்டிங்கள எறக்கணும்."

"மாதா ரெண்டு நாழி இருட்டுல நிப்பா. வண்டிய எடுடான்னேன்."

*

கோமுகி அணையைத் தாண்டி வேன் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் கிடந்த காலிப் பெட்டிகள் உருண்டு இடித்துக்கொண்டன. ஒரு வளைவில் உடைந்த தடுப்புச் சுவரின் மேல் காய்ந்த மாலை தொங்கியது. மார்ட்டின் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் தனுஷாவின் ஊர். தைலம்மாள் வாசலில் மரவள்ளிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. தனுஷா கதவருகே வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

மார்ட்டின் தொண்டையைக் கனைத்தான். "சாரிம்மா. தெரியாம நடந்துபோச்சி."

"நடந்துபோச்சா?" தைலம்மாளின் கையில் கத்தி நிற்கவில்லை. "அதுவா நடந்துச்சா? காலு மொளச்சி வந்துச்சா?"

"நான்தான் போட்டேன்."

"அப்பிடிச் சொல்லு."

தைலம்மாள் சீவிய கிழங்கைக் கூடையில் போட்டாள். "நான் கல்யாணத்துக்கே போவல. தாலியறுத்தவ எதுக்குன்னு இங்கியே குந்திக்கினு இருந்தேன். கெழங்குதான் சீவிக்கினு இருந்தேன். அந்தாண்ட மேட்டுல நான் அழுவறேன். வாய மூடிக்கினு இங்க இருக்கேன், அங்க அழுவறேன். பேய் புடிச்சிச்சோன்னு வாயத் தொட்டுப் பாத்தேன்."

பவுலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பந்தியில குந்தின சனம் எலையில கைய வெச்சபடியே எழுந்துச்சி. எங்க மூத்தாரு இந்த வாசலுக்கு வந்து, தம்பி சாவ வித்துத் தின்னீங்களா, இனிமே என் வூட்டுப் படி மிதிக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அழிச்சிட்டியா அத?"

"அழிச்சிட்டேம்மா. சத்தியமா."

"கேட்டவங்க காதுலேந்து?"

ஏஞ்சலின் தனுஷாவின் பக்கம் போனாள். "தனுஷா, வா. இன்னும் நேரம் இருக்கு. எக்ஸ்டர்னல் சாயங்காலம்தான் கெளம்புறாரு. வரலன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்க."

"போடட்டும்."

"அவன் பண்ணதுக்கு நீ ஏன்…"

"அவரு பண்ணதப் பத்தி நான் பேசல மேம்." அந்தப் பெண்ணின் குரல் உயரவில்லை. உயராமலே வெட்டியது. "அவரு யாரு எனக்கு? மைக் செட்டு கட்ட வந்தவரு. எங்கம்மா அந்தப் பாட்ட உங்க கையில குடுத்தாங்க. கிளாஸ்ல எங்களுக்கு இன்னா சொன்னீங்க? சத்தம் எங்க போவணும்னு கோடு போடறவதான் பொறுப்புன்னு சொன்னீங்க. நான் என் கோட்ட ஸ்பீக்கருக்குப் போடல. வூட்டுல தொறந்து வெச்சது யாரு?"

ஏஞ்சலின் காலையிலிருந்து சுமந்து வந்த கோபம் முழுவதும், எறிய ஆளில்லாமல் அவள் கையிலேயே நின்றது.

"நான்தான்" என்றாள்.

தைலம்மாள் கத்தியைத் துடைத்துக் கூரை இறவாணத்தில் செருகினாள். "இத்தினி கலாட்டா ஆச்சி. அந்த வெளிச்சத்த நான் ஒருத்திதான் இன்னும் பாக்கல. எதுக்குக் குடுத்தேன்னு நான் பாக்கணும்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக வேனுக்குப் போனாள்.

தனுஷா நகரவில்லை. "நான் வந்தா ஒண்ணு செய்வேன் மேம். அங்க இருக்கற எல்லார் முன்னாடியும் நடந்ததச் சொல்லுவேன். பேரோட. இவரு பேரு, உங்க பேரு. எங்க பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்ட இளவரசன வீடியோ எடுக்கச் சொல்லுவேன். பரவால்லியா?"

ரினியூவல் ஃபைல் ஏஞ்சலினின் கண் முன்னால் வந்தது. தெய்வசிகாமணியின் மேஜை வந்தது. சண்டை போட்டுக் கொண்டுவந்த பாடம், அந்த லேப், பிள்ளைகள்.

"சொல்லு" என்றாள்.

"அக்கா!" என்று மார்ட்டின் கத்தினான். "உனுக்கு வேல போவும். எனக்குக் கடையே போவும்!"

"போவட்டும். ஏறு."

*

தேர்வாளர் பையை எடுத்துத் தோளில் மாட்டிய நேரத்தில் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். தெய்வசிகாமணி ஏஞ்சலினை முறைத்தார். பின்னால் வந்த தைலம்மாளைப் பார்த்ததும் அந்த முறைப்பு கொஞ்சம் தடுமாறியது. இளவரசன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். தைலம்மாள் அதில் உட்காராமல் திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மார்ட்டின் கடைசி வரிசையில் ஒடுங்கினான்.

விளக்கை அணைத்தார்கள். தனுஷா ஒரு பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. முதலில் அசையவில்லை. பிறகு ஓரமாக நடுங்கியது. நடுக்கம் வளர்ந்து மேடாகி, பள்ளமாகி, இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. சில இடங்களில் மூச்சுக்காக நின்றது. லேப்பில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

தைலம்மாளின் உதடு அசைந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த மேடு கொல்லை, எந்தப் பள்ளம் மாடு, எங்கே அவர் பேர் என்று. ஒரு இடத்தில் கோடு திரையின் உச்சிக்கே போய் அப்படியே நின்றது. அவள் கையை நீட்டி, தொடாமல் இறக்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கு" என்றார் தேர்வாளர். "ஆனா ஆடியோ எங்கம்மா? ஸ்பீக்கர் வேலை செய்யலியா?"

"ஒயர் லூசா இருக்கும் சார், இருங்க" என்று தெய்வசிகாமணி அவசரமாக எழுந்தார்.

ஏஞ்சலின் அவர் முன்னால் போய் நின்றாள். "ஒயர் சரியாத்தான் இருக்கு சார். உக்காருங்க."

"ஏஞ்சலின், இதுதான் கடைசி…"

"தெரியும் சார். உக்காருங்க."

தனுஷா விளக்கைப் போட்டாள். இளவரசனைப் பார்த்தாள். அவன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"சத்தம் ஏன் இல்லன்னு சொல்றேன் சார்" என்றாள். "அதுக்கு முன்னாடி, பின்னாடி குந்திக்கினு இருக்காரே, அவரு எழுந்து இங்க வரட்டும். மலையில எங்கம்மாகிட்ட சொன்னத இங்கயும் சொல்லட்டும்."

எல்லாத் தலையும் திரும்பியது. மார்ட்டின் அக்காவைப் பார்த்தான். அக்கா பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவன் மெதுவாக எழுந்தான். எழுந்தவன் முன்னால் போகாமல் கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

கதவை அடைத்துக்கொண்டு பவுலின் நின்றிருந்தாள். மகனைப் பார்த்தாள். நகரவில்லை.